தடையாக மட்டும் போய்ச் சேர்ந்த அறிவியல்

1969 ஜனவரியில் பவளப்பாறை ஆய்வாளர்கள் மண்டபம் முகாமில் கூடினார்கள். இன்றும் நடந்துவருகிற பன்னாட்டுப் பவளப்பாறைக் கருத்தரங்குகளின் வரிசையில் முதலாவது அதுதான். அதற்கு நாற்பதாண்டு முன்பே, 1927-இல், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் வாழும் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் நூல் வெளியிட்டிருந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. இவ்வளவு காலம் இவ்வளவு உன்னிப்பாக ஆராயப்பட்ட கடல் இந்தியாவில் அதிகம் இல்லை. ஆராய்ந்ததில் பாம்பன் தெருவுக்கும் தங்கச்சிமடத்துத் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது எது? பவளக்கல் எடுக்காதே, கடல் அட்டை பிடிக்காதே, தீவில் இறங்காதே. பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்தக் குறைக்கு ஒருவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. கடலைப் படித்தவர்கள், படித்ததைத் தமிழில் எழுதியிருக்க வேண்டியவர்கள், அதை வைத்துத் திட்டம் போட்டவர்கள், பள்ளியில் பாடம் நடத்தியவர்கள் என்று நாம் எல்லோரும் இதில் இருக்கிறோம்.

தடைகள் தவறு என்று சொல்ல வரவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பவளமும் கடல் அட்டையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டுச் சுவருக்கும் பல தலைமுறையாகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தோம். விளாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போனதில் அந்த வெட்டுக்கும் பங்கு உண்டு. நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் ஏன் நிறுத்துகிறோம் என்று உட்கார்ந்து பேசவில்லை. ஆணை முதலில் வந்தது, படகு பிடிபட்டது, வழக்கு ஆனது. காரணம் ஆங்கில ஆய்விதழில் இருந்தது. அறிவியல் என்றாலே பிழைப்பைப் பறிக்க வருவது என்று கரையில் ஒருவர் நினைத்தால், அப்படி நினைக்க வைத்தது நாம்தான்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது கோடைக்கால மௌனம். பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன; அதற்கு உணவும் நிறமும் தருபவை அவை. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறி அப்படியே சில வாரம் நின்றால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும், வெளுத்துப்போகும். சூடு தணிந்தால் மீளும், தணியாவிட்டால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. உயிருள்ள பவளப் பரப்பு 2016-இல் சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கியதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீருக்குள் இறங்கி அளந்து பதிவு செய்தார்கள்.

இந்த வெளுப்பு பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடப்பது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற 61 நாளும், படகுக்காரர்கள் வலை பொத்திக்கொண்டு ஊரில் இருக்கிற 61 நாளும், கடலுக்கடியில் பவளம் வெளுக்கிற அதே நாட்கள்! இதைவிட வசதியான காலம் பேச்சுக்குக் கிடைக்காது. வலை பொத்துகிற இடத்தில் ஒரு படத்தை விரித்துவைத்து, போன வருடம் இந்தப் பவளப் பார் இப்படி இருந்தது, இன்று இப்படி இருக்கிறது, மீன்குஞ்சு ஒதுங்க இடம் குறைகிறது என்று காட்டியிருக்கலாம். ஆண்டுதோறும் அந்தக் காலத்தை வீணாக்கினோம்.

மேலிடத்தில் இருப்பவர்களுக்கும் உருப்படியாகச் சொல்லவில்லை. புவி வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் உலகப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 பாகை உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கு மேலும் அழியும் என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2018 அக்டோபரில் எச்சரித்தது. அந்தக் குழு தன் அறிக்கைச் சுருக்கங்களை ஐ.நா.வின் ஆறு மொழிகளில் வெளியிடுகிறது, தமிழ் அதில் இல்லை. அந்த வாக்கியத்தை மன்னார் வளைகுடாக் கணக்கோடு சேர்த்து, நம்முடைய கடலில் எந்தத் தீவு, எந்தப் பார், எத்தனை ஊர் என்று இரண்டு பக்கத்தில் ஆட்சியர் மேசைக்கும் ஊராட்சித் தலைவர் கைக்கும் கொடுப்பது நம் வேலை. திட்டம் முடிந்த பிறகு கனத்த அறிக்கை கொடுத்துக் கடமையை முடித்துக்கொண்டோம்.

கேட்கவும் தவறினோம். கையால் பாசி எடுக்கிற பெண்கள், எந்த மாதத்தில் நீர் சுடுகிறது, மரிக்கொழுந்துப் பாசி எந்த இடத்தில் அற்றுப்போனது என்பதை உடம்பால் அறிந்தவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். அதற்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமியை 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்துப் பாராட்டியது. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் கண்டுகொண்ட ஒரு செயலை நம் பாடப்புத்தகம் கண்டுகொள்ளவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. 2016-இல் பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி, மீனவர்களிடமே மைக்கைக் கொடுத்துக் கடலைப் பற்றியும் காலநிலை பற்றியும் பேசவைத்தது. வழி இருக்கிறது என்று அது காட்டியும் நாம் பின்தொடரவில்லை.

இனி உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று கண்முன் நிற்கிறது. கப்பாஃபைகஸ் என்னும் வெளிநாட்டுப் பாசிக்கு ஊரில் பெப்சி பாசி என்று பெயர். மூங்கில் மிதவையில் அதை வளர்த்து ஏராளமான குடும்பங்கள் வருமானம் பார்த்தன. அது குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்வதை 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2013-க்குப் பிறகு பயிர் கொத்துக்கொத்தாக மடிந்து விளைச்சல் சரிந்தது. நீர் சூடேறியது அதற்கு ஒரு காரணம் என்றும் எழுதினார்கள். மிதவை கட்டியவர்களிடம் இதை யார் போய்ச் சொன்னோம்? தொண்டி அருகே வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறது அரசு. புதிதாக மிதவை வாங்கப் போகிற பெண்களிடம் கோடையில் பயிர் சாகலாம் என்பதையும், அறுந்து மிதந்த துண்டு பவளத்தில் போய் ஒட்டும் என்பதையும், எந்த மாதம் கயிறு கட்ட வேண்டாம் என்பதையும் பேசுகிற தமிழில் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளவும் வேண்டும். கடனுக்குக் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால்.