மாமி சொன்ன "ஓம்"

போன சனிக்கிழமை ஒரு மாமியைக் கூட்டிக்கொண்டு சிம் வாங்கப் போனன். சொந்த மாமி இல்லை. ஊரில எங்கட ஒழுங்கையில இருந்தவா, இப்ப மகளோட இஞ்ச ஒக்லாண்டில இருக்கிறா. மகளின்ர பழைய போன் ஒண்டு சும்மா கிடந்தது. அதுக்குள்ள ஒரு சிம்மைப் போட்டால் கிளிநொச்சியில இருக்கிற தங்கச்சியோட வட்ஸ்அப்பில கதைக்கலாம், கோயிலுக்குப் போய் பஸ் தப்பினால் மகளுக்கு அடிக்கலாம். அவ்வளவுதான் தேவை. பிரீபெய்ட் சிம், 20 டொலருக்கு ஒரு ரொப் அப். ஐஞ்சு நிமிச வேலை எண்டு நினைச்சுத்தான் போனது.

மோலுக்குள்ள இருக்கிற போன் கடை. பேர் வேண்டாம், எந்தக் கடையெண்டாலும் இதே கதைதான். உள்ள கால் வைச்ச உடன ஒரு பெடியன் ஓடி வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும், நல்ல பெடியன், முகம் முழுக்கச் சிரிப்பு. "சிம் ஒண்டு வேணும், பிரீபெய்ட்" எண்டன். சிம்மை எடுக்கேல்லை. கதிரையை இழுத்துப் போட்டு மாமியை இருத்தினான். மாமிக்குப் புளுகம், இந்த நாட்டில கடைக்காரர் கதிரை தந்து கதைக்கினம் எண்டு.

பிறகு தொடங்கினான். வீட்டில இன்ரநெற் ஆர் தாறது? மாதம் எவ்வளவு கட்டுறீங்கள்? வீட்டில எத்தினை பேர்? இந்தப் போன் பழசு, கனநாள் தாங்காது. மாதக்கணக்குப் பிளானில போட்டால் புதுப் போன் வரும், வட்டி இல்லை, 36 மாதத்தில கட்டலாம், நாளுக்குப் பார்த்தால் ஒரு கோப்பி விலை கூட இல்லை. போன் விழுந்து உடைஞ்சால்? அதுக்குக் காப்புறுதி. பேரப்பிள்ளையளுக்கு ஒரு ரப்லெட்டும் சேர்த்தால் இன்னும் மலிவு. (ரெண்டு சாமான் வாங்கினால் ஒண்டை விட மலிவாகிற கணிதம் எங்கட வாத்திமார் படிப்பிக்காத கணிதம்.)

நான் ரெண்டு தரம் "சிம் மட்டும் காணும்" எண்டன். அவன் என்னைப் பாக்கிறதை விட்டிட்டு மாமியைப் பாத்துக் கதைக்கத் தொடங்கினான். மாமிக்கு விளங்கின இங்கிலிஸ் பத்தில ஒரு பங்கு இருக்கும். ஆனால் ஒருத்தர் முகத்தைப் பாத்துக் கதைக்கேக்க சும்மா இருக்கிறது மரியாதை இல்லை எண்டு வளர்ந்த மனுசி. அதால ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டி "ஓம் ஓம்" எண்டு கொண்டிருந்தா. பக்கத்தில வந்த என்ர போன் ஒண்டைக் கதைச்சு முடிச்சிட்டுத் திரும்பிப் பாக்கிறன், திரையில மாமியின்ர பேர், விலாசம், பிறந்த திகதி எல்லாம் ஏறியிருக்கு. கைப்பையில இருந்த பாஸ்போட் மேசையில இருக்கு. அடுத்தது கிறடிட் செக்காம்.

எங்கட "ஓம்" எண்டதுக்கு என்ன கருத்து எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "நான் கேட்டுக்கொண்டிருக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ" எண்டது அது. அதைச் "சம்மதம்" எண்டு எழுதிறது மொழி தெரியாத பிழையெண்டு முந்தி நினைச்சிருந்தன். இப்ப நினைக்கேல்லை. ஒரு நாளைக்கு அம்பது பேரோட கதைக்கிறவனுக்கு ஆர் விளங்கித் தலையாட்டீனம், ஆர் விளங்காமல் தலையாட்டீனம் எண்டு என்னை விட வடிவாத் தெரியும்.

பாஸ்போட்டை எடுத்து மாமியின்ர கையில குடுத்திட்டு "எழுதினதை அழியும்" எண்டன். "இது சிம் எடுக்கத் தேவையான விபரம்" எண்டான். அதிலதான் எனக்கு ஏறினது.

நியூசிலாந்தில பிரீபெய்ட் சிம் வாங்க அடையாள அட்டை காட்டச் சொல்லி ஒரு சட்டமும் இல்லை. மூலைக்கடை டெய்ரியில, சுப்பர்மாக்கெற்றில, பாண் வாங்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போகலாம். இலங்கையில அடையாள அட்டை இல்லாமல் சிம் இல்லை. இந்தியாவில ஆதாரைச் சிம்மோட இணை எண்டு சனத்தை அலைக்கழிச்சு, கடைசியில 2018 செப்டெம்பரில உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயப்படுத்தேலாது எண்டு சொல்லவேண்டி வந்தது. அங்க அரசாங்கம் கேக்கிறது. இஞ்ச அரசாங்கம் கேக்கேல்லை, கடைக்காரன் கேக்கிறான், அரசாங்கம் கேக்கிற மாதிரியே முகத்தை வைச்சுக்கொண்டு. 2020 இல வந்த இந்த நாட்டுத் தனியுரிமைச் சட்டத்தின்ர முதலாவது கோட்பாடே, ஒரு வேலைக்குத் தேவையில்லாத விபரத்தைச் சேர்க்கக்கூடாது எண்டதுதான். 20 டொலர் ரொப் அப்புக்கு ஒரு கிழவியின்ர பிறந்த திகதி எதுக்கு?

ஆனால் மாமி ஏன் கேட்ட உடன பாஸ்போட்டை எடுத்து நீட்டினவா? இதை வாசிக்கிற உங்களில பாதிப் பேருக்குப் பதில் தெரியும். மேசைக்குப் பின்னால சட்டையில பேர் குத்தின ஒருத்தன் இருந்து கேட்டால் எடுத்து நீட்டவேணும். முப்பது வருசம் சென்றிப் பொயின்ரில பழகின கை அது. கேள்வி கேக்காமல் காட்டினால் கெதியாப் போகலாம். ஏன் கேக்கிறியள் எண்டு கேட்டவனை ஒரு பக்கத்தில நிப்பாட்டிப்போடுவாங்கள். எங்களுக்கு உயிர் தப்ப உதவின பழக்கம் மோலுக்குள்ள வந்து எங்களையே விக்குது.

இது நடந்து முடியாத கதை. நடந்து முடிஞ்ச கதையும் ஒண்டு தெரியும். என்னோட முந்தி தொழிற்சாலையில இரவு வேலை செய்த நண்பர் ஒருத்தர், இஞ்ச வந்து ரெண்டாம் வருசம், ஒரு சிம்முக்குப் போய் ரெண்டு போனும் ஒரு ரப்லெட்டும் காப்புறுதியும் கொண்டு வந்தவர். ரப்லெட் "சும்மா" எண்டு சொன்னவையாம். சாமான்தான் சும்மா, அதுக்குள்ள இருந்த இன்ரநெற் சிம்முக்கு மாதா மாதம் காசு. ரெண்டு வருசம் கட்டினார். இடையில வேலை போக, கட்டேலாமல் கடன் அறவிடுற கொம்பனியிட்டப் போய், கிறடிட் பதிவில கறை விழுந்து, பிறகு வாடகை வீடு தேடேக்க ஒவ்வொரு ஏஜென்ரும் அந்தக் கறையைப் பாத்துக் கையை விரிச்சவை. புதுசா வந்தவனுக்கு இந்த நாட்டில வரலாறெண்டு ஒண்டும் இல்லை. முதல் எழுதப்படுற வரி அந்தக் கறையாப் போனால் என்ன செய்யிறது? அவர் ஒருத்தருக்கும் முறையிடேல்லை. "கையெழுத்து நான்தானே வைச்சனான்" எண்டார்.

எங்கட சனமும் அதைத்தான் சொல்லும். வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வைக்கிறதுதானே, படிக்காததுகள், ஆசைப்பட்டதுகள். கலியாண வீட்டுப் பந்தியில இருந்து இப்பிடிச் சொல்லுற ஆக்களில எத்தினை பேர் தங்கட போன் ஒப்பந்தத்தை முழுசா வாசிச்சவை? நான் வாசிக்கேல்லை. இங்கிலிஸ் தாய்மொழியான வெள்ளைக்காரனும் வாசிக்கிறேல்லை. வித்தியாசம் என்னெண்டால் அவனுக்குப் பிழைச்சால் கடைக்குப் போய்ச் சத்தம் போடத் தெரியும்.

கையெழுத்து வைச்சால் முடிஞ்சுது எண்டு நினைக்கிறவைக்குப் பக்கத்து நாட்டுக் கதை ஒண்டு. அவுஸ்திரேலியாவில டெல்ஸ்ரா எண்ட பெரிய தொலைபேசிக் கொம்பனி. 2016க்கும் 2018க்கும் இடையில அலிஸ் ஸ்பிரிங்ஸ், புரூம், டார்வின் பக்கம் எண்டு அதின்ர பேரில நடந்த ஐஞ்சு முகவர் கடையளில 108 பூர்வகுடிச் சனத்துக்கு அவையாலை கட்டவே ஏலாத மாதப் பிளானுகளை விட்டிருக்கினம். கனபேருக்கு இங்கிலிஸ் ரெண்டாம் மூண்டாம் மொழி. கனபேர் அரசாங்க உதவிக் காசில இருந்தவை. சில இடத்தில "இது சும்மா" எண்டிருக்கினம். (அந்தச் சொல்லைக் கவனியுங்கோ!) கிறடிட் செக் பாஸாகாத ஆக்களைப் பாஸாக்கிறதுக்கு விபரத்தை மாத்தியும் போட்டிருக்கினம். சராசரிக் கடன் ஆளுக்கு 7,400 டொலருக்கு மேல. ஒருத்தருக்கு 19,000 டொலருக்கு மேல. கட்டாட்டி மறியலுக்கு அனுப்பிப்போடுவாங்கள் எண்டு ஒருத்தர் பயந்து கிடந்தவராம். அதை வாசிக்கேக்க எங்கட ஆக்களின்ர முகம்தான் எனக்கு முன்னால வந்தது. எல்லாக் கடதாசியிலும் கையெழுத்து இருந்தது. இருந்தும் 2021 மே மாதம் சமஷ்டி நீதிமன்றம் அதை மனச்சாட்சிக்கு ஒவ்வாத வியாபாரம் எண்டு சொல்லி 5 கோடி டொலர் தண்டம் அடிச்சது.

அதோட திருந்தினாங்கள் எண்டு நினைக்காதேங்கோ. அடுத்தது ஒப்ரஸ். 2019இல இருந்து 2023 வரை, 16 கடையள், 400 பேருக்கு மேல, தண்டம் 10 கோடி டொலர், 2025 செப்டெம்பரில. அதில சில பேர் இருந்த வீட்டுக்கு அந்தக் கொம்பனியின்ர சிக்னலே போகாது. சிக்னல் போகாத வீட்டுக்காரருக்குப் போன் வித்த திறமையை நான் என்னெண்டு சொல்ல!

இப்ப அந்தப் பெடியனுக்கு வருவம். அவனில எனக்குக் கோபம் இல்லையெண்டால் பொய். ஆனால் அவனும் ஆரோ ஒருத்தற்ற பிள்ளை. இந்தக் கடையளில கனபேருக்கு அடிச் சம்பளம் கொஞ்சம், மிச்சம் கொமிசன். பிரீபெய்ட் சிம் வித்தால் ஒண்டும் இல்லாத மாதிரி. மாதப் பிளான், காப்புறுதி, ரெண்டாவது சாமான் எண்டு ஏற ஏறத்தான் காசு, ஏறாட்டி மனேச்சரிட்டப் பேச்சு. இப்பிடி ஒரு கணக்கை மேல இருந்து போட்டுக் குடுத்திட்டு, கீழ ஒருத்தன் பிடிபட்டால் "அது அந்த ஊழியரின்ர தனிப்பட்ட பிழை" எண்டு கொம்பனி அறிக்கை விடும். கொமிசனைப் போட்டவனைக் கேக்காமல் பெடியனைக் கேட்டு என்ன பிரயோசனம்?

இதிலும் கேவலமானது ஒண்டு இருக்கு. எங்கட ஆக்களே அந்த மேசைக்குப் பின்னால இருக்கேக்க "அன்ரி, நான் உங்களுக்குப் பிழையானதைத் தருவனே" எண்டு தமிழில தொடங்கிறது. இங்கிலிஸ்காரனிட்டயெண்டால் விளங்காட்டியும் ஒரு பயம் இருக்கும். தமிழைக் கேட்ட உடன அந்தப் பயமும் போயிடும். இதுக்குப் பழைய வேர் இருக்கு. ரெலிபோன் கார்ட் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐஞ்சு டொலர் கார்ட், கொழும்புக்கு இவ்வளவு நிமிசம் எண்டு பெரிய எழுத்தில போட்டிருக்கும். சுரண்டி நம்பரை அடிச்சால், இணைப்புக் கட்டணம், பாவிக்காட்டி வாராவாரம் கழியிற கட்டணம், நிமிசத்தை மேல்நோக்கி முழுசாக்கிற கணக்கு எண்டு சொன்னதில பாதி வராது. செல்லடிக்குள்ள சனம் இருக்கேக்க அம்மாவின்ர குரலைக் கேக்க வாங்கின கார்ட் அது. எங்கட கடையளிலதான் வாங்கினம். நாங்கள் ஆரும் ஒரு நாள் போய்க் கேட்டமோ? இன்னொரு கார்ட் வாங்கினம்.

சட்டம் என்ன சொல்லுது? இந்த நாட்டில 2014 யூனில இருந்து, வீட்டுக் கதவைத் தட்டியோ போனில கூப்பிட்டோ வித்தால், 100 டொலருக்கு மேற்பட்ட சாமானெண்டால் 5 வேலை நாளுக்குள்ள வேண்டாமெண்டு திருப்பலாம். கடைக்காரன் தலையில கட்டுற மேலதிக உத்தரவாதத்தையும் அதே 5 நாளுக்குள்ள விடலாம். வட்டியோட எடுத்த கடனையும் அப்பிடித்தான். ஆனால் நாங்களாக் கடைக்குள்ள போய் இருந்து கையெழுத்து வைச்ச போன் பிளானுக்கு அப்பிடியொரு தானான உரிமை இல்லை. "வட்டி இல்லை" எண்டு விக்கிறதால அது கடன் சட்டத்துக்குள்ளயும் பெரும்பாலும் அகப்படாது. கதவைத் தட்டினால் அமத்துவாங்கள், கதவுக்குள்ள வந்தால் அமத்தமாட்டாங்கள் எண்டு சட்டம் எழுதினவை நினைச்சிட்டினம் போல. மாமியைக் கதிரையில இருத்தி அரை மணித்தியாலம் கதைச்சதை அவை கண்டிருந்தால் வேற மாதிரி எழுதியிருப்பினம். மாதப் பிளானுக்கும் அந்த 5 நாளைக் குடுக்கிறதில ஆருக்கு என்ன நட்டம்? விளங்கி வாங்கினவன் திருப்பமாட்டான். திருப்புவினம் எண்டு பயப்பிடுற கொம்பனி, தான் எப்பிடி விக்கிறன் எண்டதைத் தானே ஒப்புக்கொள்ளுது.

2022 ஓகஸ்ட்டில இருந்து நியாய வர்த்தகச் சட்டத்தில, மனச்சாட்சிக்கு ஒவ்வாத நடத்தை கூடாது எண்ட பிரிவு இஞ்சையும் இருக்கு. டெல்ஸ்ராவைப் பிடிச்ச அதே மாதிரிச் சொல்லுத்தான். அந்தப் பிரிவைத் தட்டி எழுப்ப ஆராவது முறையிடவேணும். தொலைத்தொடர்புப் பிணக்குகளைத் தீர்க்கத் தனிச் சேவை ஒண்டு இருக்கு, பாவனையாளருக்குக் காசில்லை. வர்த்தக ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். என்ர நண்பரை இப்பவெண்டாலும் எழுதச் சொல்லிக் கேட்டன். "பழைய கதை, விடும்" எண்டிட்டார். இன்னும் விடேல்லை நான். திகதியளைக் கேட்டு எழுதி வைச்சிருக்கிறன்.

அண்டைக்கு வெளியில வந்து, மோலுக்கு எதிர்ப்பக்கம் இருந்த டெய்ரியில சிம் வாங்கினம். அந்தக் குஜராத்திக் கிழவர் பேர் கூடக் கேக்கேல்லை. சிம்மைப் போடுறதுக்குத் தன்ர காதுத் தோடு மாதிரி ஒரு ஊசியையும் தேடித் தந்தார். காருக்குள்ள இருந்தே மாமி தங்கச்சிக்கு எடுத்து, மழை பெய்யுதோ, ஆடு குட்டி போட்டுதோ எண்டு எல்லாம் விசாரிச்சா. கதைச்சு முடிச்சுக் கனநேரம் பேசாமல் இருந்தவா, வீடு கிட்டிறநேரம் கேட்டா:

"தம்பி, அந்தப் பிள்ளைக்கு எங்களில கோவமோ? கதிரையெல்லாம் தந்தவன்."