மாதிரி வேறு, வரைபடம் வேறு

கட்டடத் தொழில் இன்று கணிப்பொறிக்குள் குடிபுகுந்துவிட்டது. 1982-ஆம் ஆண்டில் ஆட்டோகேட் வெளிவந்தபின், வரைபலகையின் வேலை மெல்லத் திரைக்கு மாறியது. 2000-ஆம் ஆண்டில் ரெவிட் வெளிவந்தது. கோடு வரைவதற்குப் பதிலாகச் சுவரும் கதவும் கூரையுமாக முழுக் கட்டடத்தையே முப்பரிமாண மாதிரியாக எழுப்பும் முறை அதன்பின் பரவலாயிற்று. கட்டடக் கலைஞர் ஒரு மாதிரியைச் செய்கிறார். அதைத் தத்தம் கோப்பில் இணைத்துக்கொண்டு கட்டமைப்புப் பொறியாளரும் குளிர்சாதனப் பொறியாளரும் மின்பொறியாளரும் தம் பகுதியை அமைக்கிறார்கள். இது பெரும் முன்னேற்றம் என்பதை மறுப்பார் யார்?

ஆயினும், இம்முன்னேற்றத்தின் நிழலில் ஒரு தவறான எண்ணமும் வளர்ந்து வருகிறது. "மாதிரி சரியாக இருந்தால் போதும், வரைபடம் தானே வந்துவிடும்" என்று மின்பொறியியல் பயிலும் நண்பர்கள் பலர் கூறக் கேட்கிறேன். இதை நான் ஏற்பதற்கில்லை. தானே வருவது கட்டடத்தின் வெட்டுத் தோற்றம். வரைபடம் என்பது, வேலை செய்பவனுக்கு வேண்டியதைத் தேர்ந்து, வேண்டாததை அடக்கிச் சொல்லும் செய்தி. அதை மனிதன்தான் செய்தாக வேண்டும்.

சில சான்றுகள் காட்டுகிறேன். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள சுவிட்சுப் பெட்டி, 1:100 அளவில் அச்சிட்ட தாளில் 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். உள்ளபடியே காட்டினால் அது ஒரு புள்ளி. யார் கண்ணுக்குத் தெரியும்? எனவேதான் உருவத்தை விட்டுக் குறியீட்டைப் போடுகிறோம். அடுத்து, ஒரே இடத்தில் மேலே சுவிட்சும் கீழே பிளக்கும் இருந்தால், மேலிருந்து பார்க்கும் படத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். குறியீடுகளைச் சற்றே விலக்கி, பொருத்தும் உயரத்தை அருகே எழுதாவிட்டால், இரண்டில் ஒன்று மறைந்தே போகும். ரெவிட்டில் தரைப்படம் வழக்கமாகத் தளத்திலிருந்து 1200 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டிக் காட்டப்படுகிறது. கூரை விளக்கோ அதற்கு மேலே இருக்கிறது. காட்சி எல்லையைத் திருத்தியோ, கூரைப்படத்தைத் தனியே எடுத்தோதான் அதைச் சரியாகக் காட்டவேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. விளக்கு எங்கே, சுவிட்சு எங்கே என்பதை மாதிரியின் தோற்றம் காட்டும். எந்த விளக்குக்கு எந்தச் சுவிட்சு, எந்தச் சர்க்யூட்டு எந்த விநியோகப் பெட்டிக்குச் செல்கிறது என்பதை யார் காட்டுவது? வரைபடத்தில் எழுத்தும் எண்ணும் இட்டு நாம்தான் காட்டவேண்டும்.

"தளத்திலேயே கைத்திரையில் மாதிரியைச் சுழற்றிப் பார்க்கலாமே, தாள் எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. காற்றுக் குழாயும் கேபிள் தட்டும் மோதுமா என்று அறிய மாதிரியே சிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கான்கிரீட்டுப் போடுவதற்கு முன், கம்பிகளுக்கிடையே பைப் பதிக்கும் எலெக்ட்ரீஷியன், வெயிலில் நின்று திரையைச் சுழற்றிக் கொண்டிருப்பானா? ஒரே பார்வையில் புரியும் தாள் அவனுக்கு வேண்டும். கான்கிரீட்டு இறுகிய பின் பிழை தெரிந்தால் உளியும் சுத்தியலும்தானே வழி?

வடபுலத்தில் பயிலும் நமக்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. வரைபவர் தமிழர், பதிப்பவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர், மேற்பார்ப்பவர் பஞ்சாபியர். இவர்கள் மூவர்க்கும் பொதுமொழி எது? தரப்படுத்தப்பட்ட மின்குறியீடுகளே. அம்மொழியில் நாம் உளறினால், மொழிபெயர்த்துக் காப்பாற்ற அங்கே எவரும் இல்லை.

பகிர்ந்த மாதிரிக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. அது நம் கையில் இல்லை. கட்டடக் கலைஞர் ஒரு கதவின் கீலை இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்கு மாற்றுகிறார். மறுநாள் நம் கோப்பைத் திறந்தால், புதிய கதவு அமைதியாக வந்து உட்கார்ந்திருக்கும். நம் சுவிட்சு கதவுக்குப் பின்னால் போய்விட்டது! சுவர் அழிக்கப்பட்டால் மென்பொருள் எச்சரிக்கும். கதவு திரும்பியதற்கு எச்சரிக்காது. வரைபடத்தில் கதவு திறக்கும் வளைவு தெரிந்தால், கவனமுள்ள கண் அதைக் கண்டுபிடிக்கும்.

ஆகவே, நண்பர்களே, நான் வேண்டுவன சில. இணைத்த கட்டட மாதிரியை மெல்லிய சாம்பல் நிறத்தில் பின்னுக்குத் தள்ளுங்கள். மேசையும் நாற்காலியும் தரை ஓட்டுக் கோடும் மறையட்டும். சுவரும் கதவும் அறைப் பெயரும் நிற்கட்டும். மின்குறியீடு கருமையாக முன்னே வரட்டும். புதிய மாதிரி வரும்போதெல்லாம் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். முடிவில், உரிய அளவில் கருப்பு வெள்ளையில் அச்சிட்டு, அத்திட்டம் பற்றி ஒன்றும் அறியாத ஒரு தோழரிடம் கொடுத்து, "இந்த விளக்கை எரிய வைக்க எங்கே அழுத்துவாய்?" என்று கேளுங்கள். அவர் விரல் தயங்கினால் படம் முடியவில்லை என்று பொருள்.

ஆண்டிறுதித் திட்டப்பணிகளில், திரையில் சுழலும் கட்டடத்துக்குக் கைதட்டல் கிடைக்கிறது. கிடைக்கட்டும். அந்தத் தாளுக்கும் மதிப்பெண் வேண்டும் என்று நாமே ஆசிரியர்களிடம் கேட்போம். கட்டடத்துக்குள் மின்கம்பியை இழுக்கப் போகிறவன் நம் மாதிரியைப் பார்க்கப் போவதில்லை. நம் தாளை நம்பித்தான் சுவரில் உளி வைக்கப் போகிறான்.