மருந்துச் சோதனைக்கு முழுக் கணக்கு வேண்டும்
(நமது பாலக்காடு நிருபர்)

புது மருந்து நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் குணப்படுத்தியது என்று ஓர் அறிக்கை வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சோதனையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கணக்கில் வந்தவர்கள் எத்தனை பேர்? நடுவில் நின்றவர்களை விட்டுவிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகிவிடும். ரயிலில் ஏறாதவர் பெயரும் சார்ட்டில் இருப்பதுபோல, இங்கும் ஒருவர்கூட விடுபடக்கூடாது.

இதற்கு முன்மாதிரி சென்னையில் உண்டு. சானடோரியத்தில் சேர்ந்தால்தான் காசநோய் குணமாகும் என்று நம்பிய காலம் அது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வீட்டிலும் மற்றதற்கு சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. ஓராண்டில் நோய் அடங்கியோர் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. அந்த வித்தியாசத்தை மறைக்காமல் 1959-ல் வெளியிட்டனர். வீட்டிலிருந்தோரின் சாப்பாடு குறைவு என்பதையும் எழுதினர். அதனால்தான் உலகம் அதை ஏற்றது. வீட்டுச் சிகிச்சை பரவியது.

பாதகமான முடிவும் வெளிவர வேண்டும். 1968-ல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. சோதனையில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. அதையும் வெளியிட்டனர்.

சோதனை அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1996-ல் நிபுணர்கள் வகுத்த 'கன்சார்ட்' பட்டியல், 2025 திருத்தத்தில் 30 அம்சங்கள் கொண்டது. இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் சோதனையை முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். ஆனால் பதிவு வேறு, முடிவை வெளியிடுவது வேறு.

இது எல்லைப்புறத் தமிழருக்குத் தொலைதூர விஷயமல்ல. மூணாறு, பீர்மேடு தோட்டத் தொழிலாளி வேலை தேடி இடம் மாறினால், சிகிச்சைக்குத் தேனிக்கோ கோவைக்கோ போனால், சோதனையில் 'வராதவர்' ஆகிவிடுவார். அவர் ஏன் வரவில்லை என்று அறிக்கை சொல்லாவிட்டால், அந்த மருந்து நம் மக்களுக்கு ஒத்துவருமா என்பது தெரியாது.

ஆகவே, சோதனையில் சேரச் சொன்னால் கையெழுத்திடுமுன் மூன்று கேளுங்கள். பதிவு எண் என்ன? விளக்கத் தாள் எனக்குப் புரியும் தமிழில் உண்டா? முடிவு எதுவானாலும் வெளியிடுவீர்களா? உடலைக் கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.