மைக்கில் 'ங்ங்' என்ற இரைச்சல்... எர்த் பின்னை வெட்டலாமா?

''குதிரைவாலி சாகுபடி பற்றி வீட்டிலிருந்தபடியே பேசி, வீடியோ பதிவு செய்கிறேன். லேப்டாப்பில் சார்ஜர் போட்டிருந்தால், காலர் மைக்கில் 'ங்ங்' என்று இரைச்சல் பதிவாகிறது. சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் லேசாகச் 'சுரீர்' என்கிறது. மூன்று பின் பிளக்கில் உள்ள பெரிய பின்னை வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வெட்டலாமா?''

- வாசகர், காரியாபட்டி, விருதுநகர் மாவட்டம்.

''வெட்டவே கூடாது. அந்தப் பெரிய பின்தான் எர்த். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்கள் வீட்டில் எர்த் சரியாக இல்லை என்றே தோன்றுகிறது.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம், நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. அது மைக் ஒயரில் கலந்தால் கேட்பதுதான் இந்த இரைச்சல். சார்ஜருக்குள் உள்ள கெப்பாசிட்டர் வழியாக எப்போதும் மிகச் சிறிய கசிவு இருக்கும். எர்த் சரியாக இருந்தால், அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால், லேப்டாப்பின் உடலிலேயே நிற்கும். இரண்டு பின் சார்ஜரில் லேசான 'சுரீர்' சகஜம். மூன்று பின் சார்ஜரில் வரக் கூடாது.

இந்தச் சிறு கசிவால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால், கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாமே அந்த எர்த்தை நம்பித்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒயர் தேய்ந்து உடலில் மின்சாரம் பாய்ந்தால், ஈரக்கையுடன் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

எலெக்ட்ரீஷியனை அழைத்து, பிளக் பாயின்ட்டில் எர்த் ஒயர் இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அந்த ஒயரே இருக்காது. அடுத்து, எர்த் டெஸ்ட்டர் கருவியால் எர்த் குழியைச் சோதிக்க வேண்டும். அளவு 5 ஓமுக்குள் இருப்பது நல்லது. கோடையில் கரிசல் மண் வெடித்து, குழாயை விட்டு விலகிவிடும். குழாய் குறைந்தது இரண்டரை மீட்டர் ஆழம் இறங்கியிருக்க வேண்டும். கரி, உப்பு போட்ட குழியாக இருந்தாலும், வெயில் காலத்தில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

எர்த் பின்னை நியூட்ரலோடு முறுக்கிவிடும் குறுக்கு வழிக்குச் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால், பொருட்களின் உடல் முழுவதும் மின்சாரம் நிற்கும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி பொருத்திக்கொள்ளுங்கள். கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டித்துவிடும்.

அதுவரை சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள். எர்த் சரியான பிறகும் இரைச்சல் வந்தால், லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். மைக் ஒயரைக் கரன்ட் ஒயரோடு சேர்த்துப் போடாதீர்கள். எல்.இ.டி பல்பையும், ரெகுலேட்டர் உள்ள ஃபேனையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தும்போது இரைச்சல் நிற்கிறதோ, அதுதான் காரணம். மோட்டார் போடும்போது 'டக்' என்று பதிவானால், தண்ணீர் பாய்ச்சி முடித்த பிறகு பேசுங்கள்.''