சுருட்டை முடியைச் சுடலாமா?

அசல் பட்டா, போலியா? கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு.

புடவையில் இருந்து ஒரு நூலை உருவுவார்கள். அதைக் கொளுத்துவார்கள். முடி கருகும் வாடை வந்தால் அசல் பட்டு!

காஞ்சிபுரம் வட்டாரத்தில் இது எல்லோருக்கும் தெரியும். வேலூர் போகும் வழியில் உள்ள திருப்புட்குழியிலும் தெரியும். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பட்டு எரிந்தால் ஏன் முடி வாடை வருகிறது? இரண்டும் ஒரே இனம். பட்டும் புரதம், முடியும் புரதம். பட்டு, புழுவின் வாயில் இருந்து வருகிறது. முடி, மனிதனின் தோலில் இருந்து வருகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

பட்டை எப்படித் தேய்க்கிறார்கள்? புடவையைத் திருப்பிப் போடுகிறார்கள். மேலே ஒரு மெல்லிய துணி விரிக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைக்கிறார்கள். பிறகுதான் தேய்க்கிறார்கள்.

அதே வீட்டில், முகூர்த்தத்துக்கு முதல் நாள் என்ன நடக்கிறது?

மணப்பெண்ணுக்குச் சுருட்டை முடி. "போட்டோவில் எடுப்பாக இருக்காது. நேராக்கி விடுங்கள்" என்கிறாள் அத்தை. முடியை நேராக்கும் மின்சாரக் கருவி வருகிறது. பெண் இப்போதுதான் தலைக்குக் குளித்திருக்கிறாள். ஈரம் காயவில்லை. நேரமும் இல்லை. கருவியின் சூட்டை முழுதாக ஏற்றி, ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். "உஸ்" என்று ஆவி கிளம்புகிறது. கருகல் வாடை வீசுகிறது.

புடவைக்குக் காட்டும் இரக்கத்தைப் பெண்ணின் கூந்தலுக்குக் காட்டக் கூடாதா?

உள்ளே என்ன நடக்கிறது?

முடியின் மேல்பக்கம் ஓடு வேய்ந்த கூரையைப் போன்றது. சின்னஞ்சிறு செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பது அந்தச் செதில்கள்தான். அளவு மீறிய சூடு பட்டால் ஓடு விரிசல் விடும். ஈரம் ஓடிவிடும். முடி வறண்டு, நுனி பிளந்து, சீப்பில் ஒடிந்து வரும்.

ஈர முடியைச் சுடுவது இன்னும் கெடுதல். முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஆவி உள்ளேயே குமிழி விடும். குமிழி விட்ட இடத்தில் முடி ஒடியும். நனைந்த முடியின் புரதம் சுமார் 150 டிகிரி செல்சியசிலேயே குலையத் தொடங்கும். உலர்ந்த முடி அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் கடையில் விற்கும் பல கருவிகள் 230 டிகிரி வரை ஏறுகின்றன!

வறுத்த பயறு

திருப்புட்குழி 108 வைணவத் திருப்பதிகளில் ஒன்று. சடாயுவுக்கு ராமர் இறுதிக் கடன் செய்த இடம் என்று சொல்வார்கள். கோவிலில் தாயாரின் பெயர் மரகதவல்லி. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து, மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிவதற்குள் பயறு முளை விட்டால் வரம் கிடைக்கும் என்பது நம்பிக்கை.

வறுத்த பயறு தானாக முளைக்காது. முளைத்தால்தான் அது அதிசயம்!

கருகிய முடியும் அப்படித்தான். தோலுக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. காயம் ஆறுவதுபோல் அது ஆறாது. எந்த விலை உயர்ந்த கிரீமும் அதைப் பழையபடி ஆக்காது. கொஞ்ச நாள் பளபளப்பாகக் காட்டும். அவ்வளவே!

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். ஒன்றரை அடிக் கூந்தல் வளர ஏறக்குறைய 4 ஆண்டு ஆகும். நாலு ஆண்டு தாய் எண்ணெய் தேய்த்துப் பின்னி வளர்த்த கூந்தல், நாலு நிமிடத்தில் போய்விடுகிறது.

வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்வது நியாயம் ஆகாது. ஒரு நாள் முடியை நேராக விட்டுப் பார்க்க ஒரு பெண்ணுக்கு ஆசை வருவது குற்றம் இல்லை. ஆசை இருக்கட்டும். முறையும் இருக்கட்டும்.

முதலில் எண்ணெய். தலைக்குக் குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தேய்க்க வேண்டும். முடியில் இருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிக் குறைக்கவில்லை. பாட்டியின் கைப்பக்குவம் ஆராய்ச்சியில் தேறியது!

குளித்த பிறகு கண்டிஷனர் பூசி அலச வேண்டும். அது முடிக்கு வழவழப்புத் தரும். சிக்கு குறையும்.

பிறகு முடி நன்றாகக் காய வேண்டும். முக்கால் பங்கு காய்ந்தால் போதாது. முழுதும் காய வேண்டும். முகூர்த்த நாள் என்றால் முதல் நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டும்.

கருவியை வைக்கும் முன், சூட்டைத் தாங்குவதற்கென்றே விற்கும் கிரீமைப் பூசலாம். பட்டுப் புடவை மேல் துணி விரிப்பதுபோல! அந்தக் கிரீமும் காய வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசிய முடியில் கருவியை வைக்கக் கூடாது.

சூடு 180 டிகிரியைத் தாண்ட வேண்டாம். மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 டிகிரி போதும். சூட்டின் அளவைக் காட்டாத கருவியை வாங்கவே கூடாது. சிறு சிறு கற்றையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே முறை இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கக் கூடாது.

தினமும் செய்யலாமா? கூடாது. வாரம் ஒரு நாளே அதிகம். வியர்வை பட்டால் முடி மறுபடியும் சுருளும். அது முடியின் இயல்பு. சுருண்டது என்று மறுநாளும் சுட்டால், முடி தாங்காது.

மாதக்கணக்கில் நேராக நிற்கும் என்று, பார்லரில் மருந்து பூசிச் சூடு வைப்பதும் உண்டு. அவற்றில் சிலவற்றில் இருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ஆவி கிளம்பும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2004-ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் தலையை நீட்டக் கூடாது.

சுருட்டை குறையா?

கடைசியாக ஒரு கேள்வி. முடியை நேராக்குவது யாருடைய ஆசை? பெண்ணுடையதா, அத்தையுடையதா?

பழந்தமிழர் கூந்தலை "ஐம்பால்" என்றார்கள். ஐந்து வகையாக முடிப்பதால் அந்தப் பெயர். அந்த ஐந்தில் ஒன்று சுருள்! தமிழ்ப் பெண்ணுக்குச் சுருள் முடி அழகாகத்தான் இருந்தது. குறையானது பிற்காலத்தில்தான்.

அமெரிக்காவில் கருப்பினப் பெண்கள் காய்ச்சிய இரும்புச் சீப்பால் பல ஆண்டு முடியை நேராக்கினார்கள். சுருட்டை முடியோடு போனால் வேலை கிடைப்பது கடினம் என்ற நிலை. 2019-ல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிறவி முடியைக் காரணம் காட்டி, வேலையிலோ பள்ளியிலோ யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

நம் வீட்டுக்குச் சட்டம் வேண்டாம். ஒரு சொல் போதும். "உன் முடி அழகாக இருக்கிறது" என்று பெண்ணிடம் தாய் சொன்னால் போதும்.

அதன் பிறகும் அவள் ஆசைப்பட்டால் நேராக்கிக் கொள்ளட்டும். பக்கத்தில் இருந்து சூட்டைக் குறைத்து வைப்பது தாயின் வேலை!