பன்றிக் கொழுப்பு புகட்டும் பாடம்

கொல்கத்தாவின் டிரெட்டா பஜாரில் சீன வம்சாவளியினர் விடியற்காலையில் பன்றி இறைச்சிப் பண்டங்களை விற்கின்றனர். சற்றுத் தொலைவிலுள்ள நாகோதா மசூதியில் தொழுவோருக்கு அவ்விறைச்சி விலக்கப்பட்டது, யூதர்களுக்கும் அவ்வாறே. வைணவரோ திருமாலை வராகமாக வணங்குகின்றனர்; ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகருக்குக் கோயிலே உண்டு. ஆனால், பன்றி வளர்த்துப் பிழைக்கும் தலித் மக்களைச் சாதியச் சமூகம் தீண்டத்தகாதோர் என ஒதுக்கிற்று. அவதாரத்திற்கு ஆராதனை, உழைப்பாளிக்கு இழிவு!

1857 ஜனவரியில், கொல்கத்தாவை அடுத்த டம்டமில், பல்லால் கடித்துத் திறக்க வேண்டிய புதிய தோட்டாக்களில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசப்பட்டுள்ளதாகச் செய்தி பரவியது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே ஆயுதம் ஏந்தினார். மே மாதம் மீரட் பொங்கி எழுந்தது. கொழுப்பு வெறும் தீப்பொறியே. கம்பெனியின் நாடு பிடிக்கும் வெறியும் கொடிய நிலவரியுமே எரிபொருள். இந்துக்களும் முஸ்லிம்களும் பொது எஜமானர்களுக்கு எதிராக ஒன்றிணைந்ததை மார்க்ஸ் அவ்வாண்டே சுட்டிக்காட்டினார்.

பின்னர் அதே பசுவும் பன்றியும் மக்களைப் பிளக்கும் கருவிகளாக்கப்பட்டன. பீஷ்ம சாஹ்னியின் ‘தமஸ்’ நாவலில் மசூதிப் படிக்கட்டில் பன்றியின் உடல் கிடக்கிறது. ஐந்து ரூபாய்க்காக அதைக் கொன்றவன் நத்து என்னும் ஏழைத் தோல் தொழிலாளி. சூழ்ச்சியின் நோக்கத்தை அவன் அறியான். கலவரத்தில் முதலில் அழிவது அத்தகையோரின் குடிசைகளே.

உண்பதும் உண்ணாமையும் அவரவர் உரிமை. அதில் ஒருவர் மீது மற்றவர் வெறுப்பை மூட்டுவோரை அம்பலப்படுத்துவது நமது கடமை. 1857இல் சிப்பாய்கள் கண்ட ஒற்றுமையை உழைக்கும் மக்கள் மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும்.