கப்பலைக் கொளுத்தச் சொன்னவருக்கு

போன மாதம் தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை, அதில் எங்காவது ஒரு கணக்கு இருக்கிறதா என்று தேடி. இல்லை.

அவர் வாதம் இவ்வளவுதான். சொந்தத் தொழிலுக்கு வரத் தயங்குவது ஒரு நோய். தயங்குகிறவனுக்கு வெளியே தடை ஏதும் கிடையாது, இருப்பதெல்லாம் மனத்தடை. அதை உடைத்துவிட்டு நாளைக்கே ராஜினாமாக் கடிதம் கொடுத்தால், பிழைத்தே தீர வேண்டிய நெருக்கடியில் வழி தானாகப் பிறக்கும். இதற்குச் சாட்சி, மெக்சிகோ கரையில் தன் கப்பல்களைக் கொளுத்திவிட்டு முன்னேறிய ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ்.

சாட்சியையே விசாரிப்போம். 1519இல் கோர்த்தேஸ் கப்பல்களைக் கொளுத்தவே இல்லை. ஓட்ட முடியாதபடி முடக்கினார். கொளுத்திய கதை பின்னால் முளைத்தது. முடக்கும் முன் பாய், கயிறு, இரும்புச் சாமான்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார். 1521இல் டெனோச்டிட்லான் நகரை ஏரிப் பக்கமாக வளைக்க 13 சிறு போர்க்கப்பல்கள் கட்டியபோது அந்தச் சாமான்கள்தான் கைகொடுத்தன. அதற்கும் முன்பே ஒரு கப்பலில் பொன்னை ஏற்றி, அரசரின் தயவு தேடி ஸ்பெயினுக்கு அனுப்பியிருந்தார். ஊரான் நாட்டைச் சூறையாடப் போனவர். அவரே பழைய கயிற்றைக்கூட வீணாக்கவில்லை. நம் பயிற்சியாளரோ மாதச் சம்பளக்காரனின் கையிலிருக்கும் கயிற்றையும் சேர்த்துக் கொளுத்தச் சொல்கிறார்.

உள்ளூர் உதாரணமும் அவருக்கு உதவாது. 1981இல் இன்ஃபோசிஸுக்கு நாராயணமூர்த்தி போட்ட 10,000 ரூபாய், வேலையிலிருந்த அவர் மனைவி சுதா மூர்த்தியின் சேமிப்பு. துணிச்சல் ஒருவருடையது, அதைத் தாங்கிய சிறுவாடு இன்னொருவருடையது. மேடையில் முதல் பாதியை மட்டும் சொன்னால்தான் கைதட்டல் விழும்.

நான் கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்குமுன் ஒன்பது வருஷம் இன்னொருவர் கம்பெனியில் மிஷின் ஓட்டினேன். வெளியே வர மூன்று வருஷம் தயங்கினேன். பயிற்சியாளரின் கணக்கில் நான் மூன்று வருஷ நோயாளி. ஆனால் அந்தத் தயக்கம் என்னைப் படுக்கையில் தள்ளவில்லை. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ.யில் வைத்தியம் நடக்கிறது, வேலையை விட்டால்? வேலையில் இருக்கும்போதே மருத்துவக் காப்பீடு எடுத்தேன். சர்க்கரை நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் பெரும்பகுதி சம்பள நாட்களிலேயே கழிந்தது. யார் ஆர்டர் தருவார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர் பட்டறையில் ஜாப் ஒர்க் செய்து மூன்று கம்பெனிகளைப் பிடித்தேன். பில் பணம் எப்போது வரும்? சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். கேட்டுப் புகார் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்கிறது பட்டறை அனுபவம். ஆகவே எட்டு மாத வீட்டுச் செலவை ஒதுக்கி வைத்தேன்.

2019 ஆவணியில் பட்டறை போட்டேன். முதல் பில் கைக்கு வர மூன்று மாதம் ஆனது. அடுத்த பங்குனியில் ஊரடங்கு. அன்றைக்கு என் வீட்டில் அடுப்பெரிந்தது, பயிற்சியாளர் நோய் என்று பெயர் வைத்த அந்தத் தயக்கத்தின் புண்ணியத்தில்தான்.

அவர் பேச்சில் ஓர் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ‘அடுத்த தீபாவளிக்குத் தொடங்கிடலாங்க’ என்று சொல்லிச் சொல்லியே ஓய்வுபெற்றவர்களை எனக்கும் தெரியும். அவர்களுக்குத் தேவைப்பட்டது கேள்விகளை எழுதி வைக்க ஒரு நோட்டு, பதில் தேட ஒரு கெடு. அதைச் சொல்லிக்கொடுக்க உழைப்பு வேண்டும்; குதி என்று கத்தத் தொண்டை போதும்.

இந்தத் தத்துவத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஜெயித்தால் வகுப்பின் பெருமை, தோற்றால் உன் மனத்தின் குறை. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறிய பிறகு கோவையின் சிறுதொழில்காரர்கள் அதைக் குறைக்கச் சொல்லி வீதியில் நின்று போராடினார்களே, அவர்களையும் மனத்தடைதான் பிடித்திருந்ததா?

கட்டுரையின் கீழே அவருடைய இரண்டு நாள் வகுப்புக்கான அறிவிப்பு இருந்தது. கட்டணத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டுமாம். செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாதாம். மொத்தப் பக்கத்திலும் தொழில் தெரிந்தவர் எழுதிய வரி அது ஒன்றுதான்.